பழுப்புத் தாள் சொன்ன பாடம்

நான் பத்திரிகைத் துறையில் காலடி எடுத்து வைத்த புதிதில், 1970களின் முற்பகுதியில், ஒரு செய்தியின் பொருட்டுத் திருகோணமலைக்குச் செல்ல நேர்ந்தது. போன அலுவல் முடியத் தாமதமானதால் கடற்கரையோரமாக நடந்து சென்றேன். திருத்த வேலைக்காகக் கரையேற்றப்பட்டிருந்த இரும்புப் படகொன்றின் அடிப்பாகத்தில், வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் உள்ளங்கை அளவிலான சாம்பல் நிறக் கட்டிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். படகின் அடிப்பாகம் முழுவதற்கும் புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. அந்தக் கட்டிகளுக்கு மட்டும் பூசப்படவில்லை.

“ஐயா, இதுக்கு மட்டும் ஏன் பெயின்ற் அடிக்கேல்லை?” என்று கேட்டேன்.

“தம்பி, இது கடல் தின்னுறதுக்கெண்டு வைக்கிற நாகக் கட்டி. இது இருக்குமட்டும் கடல் மற்ற இரும்பைத் தொடாது” என்றார் அவர்.

அந்தப் பதில் எனக்கு அன்று விளங்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனேயன்றிச் செய்தியாக்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னர், கடல் வரலாறு பற்றிய நூல்களை வாசிக்கையில்தான், அந்த முதியவரின் ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டு கால வரலாறு மறைந்திருப்பதை உணர்ந்தேன். அவ்வரலாற்றில் மூழ்கிய கப்பல்கள் உண்டு; மனம் நொந்த மேதை ஒருவர் உண்டு. எமது நாட்டுக்கும் அதில் சிறியதோர் இடம் உண்டு.

அலாம் கப்பலின் ஆணிகள்

நாம் கறள் என்றும் தமிழகத்தார் துரு என்றும் அழைப்பது மனிதன் இரும்பைக் கண்ட நாள் முதலே அவனுடன் வந்திருக்கிறது. எனினும், ஓர் உலோகம் அருகிலுள்ள இன்னோர் உலோகத்தினால் அழியக்கூடும் என்பது அரசாங்க அறிக்கையொன்றில் தெளிவாகப் பதிவானது 18ஆம் நூற்றாண்டிலேயே எனலாம்.

அக்காலத்துப் போர்க்கப்பல்கள் மரத்தினால் ஆனவை. வெப்பக் கடல்களில் வாழும் துளைபுழுக்கள் அம்மரத்தைக் குடைந்து சல்லடையாக்கின. கடற்பாசியும் கொட்டலசும் அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இவ்விரண்டுக்கும் மருந்தாக, கப்பலின் நீருள் மூழ்கும் பாகத்தைச் செப்புத் தகட்டினால் போர்த்திப் பார்ப்பதெனப் பிரித்தானியக் கடற்படை முடிவு செய்தது. 32 பீரங்கிகளைக் கொண்ட ‘அலாம்’ என்னும் கப்பலுக்கு 1761இல் இவ்வாறு தகடு போர்த்தப்பட்டது. பின்னர் அது மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது.

1763இல் அக்கப்பலை உலர்துறையில் ஏற்றிப் பரிசோதித்தவர்கள் முதலில் மகிழ்ச்சியடைந்தனர். புழு தொட்டிருக்கவில்லை, பாசியும் படிந்திருக்கவில்லை. ஆனால் தகடுகள் பல இடங்களில் கழன்று போயிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கறள் பசையாகக் கரைந்து போயிருந்தமையே அதற்குக் காரணம்.

எனினும் எல்லா ஆணிகளும் அவ்வாறு அழிந்திருக்கவில்லை. சில ஆணிகள் புத்தம் புதியனவாக இருந்தன. காரணத்தைத் தேடியபோது ஓர் அற்ப விடயம் கண்ணிற்பட்டது. செப்புத் தகடுகள் பழுப்பு நிறத் தாளில் சுற்றப்பட்டே கப்பல் தளத்துக்கு வந்திருந்தன. தகட்டை அடித்த தொழிலாளர்கள் சில இடங்களில் அத்தாளை அகற்றாமலே அடித்துவிட்டனர். தாள் இடையில் நின்று செம்பையும் இரும்பையும் பிரித்து வைத்த இடங்களில் ஆணி பிழைத்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் அது அழிந்திருந்தது.

கடல்நீரில் இரும்பைச் செம்புடன் நேரடியாகத் தொடவிடக் கூடாது என்பதே பரிசோதகர்கள் எழுதி வைத்த முடிவு. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. தவளையின் கால் துடித்ததைக் கண்டு கல்வானி தமது ஆய்வை வெளியிட்டது 1791இல். இரு வேறு உலோகங்களை உப்பு நீரில் நனைத்த அட்டைகளுடன் மாறி மாறி அடுக்கி வோல்ட்டா மின்கலத்தை ஆக்கியது 1800இல். அலாம் கப்பலின் அடியில் நிகழ்ந்ததும் அதுவே. செம்பு, இரும்பு, உப்பு நீர் மூன்றும் சேர்ந்து கப்பலையே ஒரு மின்கலமாக்கிவிட்டன. அம்மின்கலத்தில் இரும்பு கரைந்துகொண்டே இருந்தது. காரணத்தை அறியாதபோதிலும் விளைவை அன்றைய பரிசோதகர்கள் சரியாகவே கண்டனர் என்பது நோக்கத்தக்கது.

போர் அவசரமும் தாள் நம்பிக்கையும்

அறிக்கை எழுதப்பட்டது; வாசிக்கப்படவும் செய்தது. ஆனால் அடுத்து நிகழ்ந்தது யாது?

சிற்சில கப்பல்களுக்கு மட்டும் தகடு போர்த்துவதோடு விடயம் பல ஆண்டுகள் நின்றது. 1764இல் செப்புத் தகடு போர்த்தப்பட்ட ‘டொல்பின்’ என்னும் கப்பல் இரு தடவைகள் உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்சும் ஸ்பெயினும் எதிரணியில் இறங்கியதும் நிலைமை மாறியது. கப்பல் தொகையில் பின்தங்கிய பிரித்தானியாவுக்கு வேகமாவது வேண்டியிருந்தது. 1778இல் கடற்படைச் சபையின் பொறுப்பை ஏற்ற சார்ள்ஸ் மிடில்டன், முழுக் கடற்படைக்கும் செப்புத் தகடு போர்த்தும் திட்டத்தை முன்னெடுத்தார். மூன்று ஆண்டுகளுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் செப்புடை அணிந்தன. வரலாற்றாசிரியர்கள் இதனை ஒரு தொழினுட்பச் சாதனையாகவே போற்றுவர். அதில் தவறில்லை.

ஆயினும் அக்கப்பல்களின் மரச்சட்டங்களைப் பிணைத்திருந்த தடித்த ஆணிகள் யாவும் இரும்பினாலானவை. அவற்றை மாற்றப் பணமும் இல்லை, அவகாசமும் இல்லை. எனவே அலாம் அறிக்கை காட்டிய எளிய வழியையே மிடில்டனின் அதிகாரிகள் பற்றிக்கொண்டனர். தார் பூசிய தடித்த தாளை மரத்துக்கும் செம்புக்கும் இடையில் வைத்து அடித்தனர். பழுப்புத் தாள் ஆணியைக் காத்தது உண்மைதான். ஆனால் அது காத்தது இரண்டாண்டுகளுக்கும் குறைந்த காலமே. ஆண்டுக்கணக்கில் கடலின் அசைவுக்கும் ஈரத்துக்கும் தாள் ஈடுகொடுக்குமா என்பதை எவரும் சோதித்திருக்கவில்லை. அதற்கிடையில், செப்புத் தகடு மேலே மூடியிருந்தமையால், உள்ளே ஆணிகளின் நிலை என்னவென்று எட்டிப் பார்க்கவும் இயலாது போயிற்று.

1782ஆம் ஆண்டு இத்தகைய நம்பிக்கைகள் யாவும் சோதிக்கப்பட்ட ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஒகஸ்ட் 29ஆம் திகதி ‘றோயல் ஜோர்ஜ்’ என்னும் பெரும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்தபடியே மூழ்கியது. மாலுமிகளும் அவர்களைக் காண வந்த பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். உக்கிய மரச்சட்டம் இடம் விட்டமையே காரணமெனப் படை நீதிமன்றம் கருதியது. அதுபற்றிய விவாதம் பின்னரும் தொடர்ந்தது. அடுத்த மாதம் அத்திலாந்திக் கடலில் வீசிய புயலில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பிய ‘றமிலிஸ்’, ‘சென்ரோர்’ முதலிய கப்பல்கள் அழிந்தன. அக்கப்பற்கூட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது. புயலும் போர்க்காயங்களும் அவ்வழிவில் பெரும் பங்கு வகித்தன. எனினும் செம்புக்கு அடியில் கறள் தின்ற ஆணிகளும் அதற்குத் துணை போயின என்ற ஐயம் அப்போதே வலுவாக எழுந்தது.

இவ்விடத்தில் எமது நாட்டைப் பற்றியும் குறிப்பிட்டாக வேண்டும். றோயல் ஜோர்ஜ் மூழ்கிய அதே ஒகஸ்ட் இறுதி நாட்களிலேயே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே அவருக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூஸுக்கும் கடற்சமர் மூண்டது. சஃப்ரனின் கப்பல்களில் சிலவற்றுக்குச் செப்புத் தகடு இருந்தது, ஏனையவற்றுக்கு இல்லை. ஒரே அணியில் செல்ல வேண்டிய கப்பல்கள் வெவ்வேறு வேகத்தில் சென்றமை அவருக்குத் தீராத தலையிடியாயிற்று. திருகோணமலைக் கடலின் வெற்றி தோல்விகளில் செம்புக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை எமது வரலாற்று நூல்கள் பெரிதாகக் கூறுவதில்லை.

அழிவுகளுக்குப் பின்னரே மாற்றம் வந்தது. கடினமாக்கப்பட்ட செம்பினாலும் செப்புக் கலப்புலோகத்தினாலும் ஆணிகள் செய்யும் முறைகள் 1780களின் நடுப்பகுதிக்குள் உருவாகின. இரும்பாணிகளுக்குப் பதிலாக அவையே கப்பல்களில் பயன்படுத்தப்பட்டன. 1763இன் அறிக்கை முழுமையாகச் செயலுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

டேவி சகோதரர்கள்

செப்பாணி வந்ததும் ஆணியின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் செப்புத் தகடே கடல்நீரில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. தகடுகளை அடிக்கடி மாற்றுவது பெருஞ்செலவு. 1823இல் கடற்படைச் சபை இதற்கொரு வழி கூறுமாறு இலண்டன் றோயல் சொசைட்டியிடம் கோரியது. அதன் தலைவராக இருந்தவர் ஹம்பிரி டேவி. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் மின்சாரத்தின் உதவியால் 1807இல் பிரித்தெடுத்தவர். 1815இல் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு விளக்கை ஆக்கியவர்.

இலங்கை வாசகர்களுக்கு டேவி என்னும் பெயர் வேறொரு வகையிலும் பரிச்சயமானது. 1816 முதல் 1820 வரை இந்நாட்டில் படை மருத்துவராகப் பணியாற்றி, 1821இல் இலங்கையின் உட்பகுதி பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஜோன் டேவி, ஹம்பிரி டேவியின் தம்பியாவார். கண்டி இராச்சியம் வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்ட அந்நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகின்றனர். தமையனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரது ஆக்கங்களைத் தொகுத்தவரும் இவரே.

ஹம்பிரி டேவி சிக்கலை நேர்த்தியாக அணுகினார். இரும்பு செம்பைத் தொடும்போது இரும்பு அழிகிறது என்பது பழைய பாடம். அவ்வாறாயின் அழியும் இரும்பு செம்பைக் காக்கிறதல்லவா? 1763இல் தீமையாகத் தெரிந்ததை அவர் மருந்தாக மாற்றினார். 1824 ஜனவரியில் றோயல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரை, பட்டாணி அளவான நாகத் துண்டொன்று 40 அல்லது 50 சதுர அங்குலச் செம்பைக் கடல்நீரில் தேயாமல் காக்கும் என எடுத்துரைத்தது. சோதனைகளில் அவருக்கு மைக்கல் பரடே உதவினார். திருகோணமலையில் நான் கண்ட சாம்பல் நிறக் கட்டியின் பிறப்பு இதுவே.

முதலில் சோதிக்கப்பட்ட கப்பல்களுள் ஒன்று ‘சமராங்’. அது எமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் தேக்கு மரத்தினால் கட்டப்பட்டது. அதன் அடியில் இரும்புப் பாளங்கள் நான்கு பொருத்தப்பட்டன. அவற்றின் பரப்பு செப்புப் பரப்பின் எண்பதில் ஒரு பங்கு. நோவா ஸ்கோஷியா சென்று 1825 ஜனவரியில் அது திரும்பியபோது செம்பு நன்கு காக்கப்பட்டிருந்தது. டேவி வெற்றி பெற்றுவிட்டதாகவே கருதினார்.

ஆனால் ஏனைய கப்பல்கள் திரும்பியபோது வேறொரு காட்சி தெரிந்தது. செம்பு தேயவில்லை; அதேவேளை பாசியும் கொட்டலசும் அதன்மேல் அடர்ந்து வளர்ந்திருந்தன. செம்பு கடலில் சிறிது சிறிதாகக் கரைவதால் உண்டாகும் நஞ்சுதான் அவ்வுயிர்களை அண்டவிடாது தடுத்து வந்தது. கரைவதை நிறுத்தியதும் அந்தக் காவலும் நின்றுவிட்டது. பழுதென்று கருதப்பட்ட தேய்வே உண்மையில் செம்பின் தொழிலாக இருந்தது. 1825இல் கடலோடும் கப்பல்களிலிருந்து பாதுகாப்புப் பாளங்களை அகற்றுமாறு கட்டளை பிறந்தது. பின்னர் முறை முற்றாகக் கைவிடப்பட்டது.

பத்திரிகைகள் டேவியை எள்ளின. எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் அன்று செய்த அந்தக் காரியத்தைப் பெருமையுடன் சொல்ல என்னால் இயலவில்லை. டேவியின் விஞ்ஞானத்தில் பிழையில்லை. கப்பலுக்கு வேண்டியது யாது என்பதைப் பற்றிய கணிப்பிலேயே பிழை இருந்தது. இந்த வேறுபாட்டை எழுதியோர் சிலரே. நோய்வாய்ப்பட்ட டேவி 1827இல் தலைமைப் பதவியைத் துறந்தார். 1829 மே 29ஆம் திகதி ஜெனீவாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

அவரது முறை ஒரு நூற்றாண்டின் பின்னர் புத்துயிர் பெற்றது. 1928இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ரொபேட் கூன் என்னும் பொறியியலாளர், நிலத்தடி வாயுக் குழாய்களைக் காக்க இதே தத்துவத்தைப் பயன்படுத்திக் காட்டினார். இன்று எண்ணெய்க் குழாய்கள், துறைமுகத் தூண்கள், கப்பல்களின் உருக்கு அடிப்பாகங்கள் யாவும் டேவியின் வழியிலேயே காக்கப்படுகின்றன.

பாடம் மறந்த கதை

இத்தோடு கதை இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வரலாறு அவ்வாறு அமையவில்லை.

1886இல் நியூயோர்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையை எடுத்துக்கொள்வோம். சிற்பி பார்த்தோல்டி வடித்த வெளித்தோல் செம்பினாலானது. ஈஃபில் அமைத்த உட்சட்டம் இரும்பினாலானது. கடற்காற்று வீசும் தீவில் செம்பும் இரும்பும் மீண்டும் அருகருகே வந்தன. அமைத்தவர்களுக்கு ஆபத்துத் தெரிந்தேயிருந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையில் அரக்கில் தோய்த்த கல்நார்ப் பட்டையை வைத்தனர். அலாம் கப்பலின் பழுப்புத் தாளை ஒத்த ஏற்பாடுதான் அதுவும். காலப்போக்கில் பட்டை நைந்தது; ஈரம் உட்புகுந்தது; இரும்பு கறள் பிடித்து ஊதியது; செம்பைப் பிடித்திருந்த தறையாணிகள் பிடுங்கப்பட்டன. நூற்றாண்டு விழாவுக்கு முன்னர் 1984 முதல் 1986 வரை நடைபெற்ற திருத்தத்தில், தோலைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் கறையில் உருக்கினால் மாற்றப்பட்டு, இடையில் டெஃப்லோன் வைக்கப்பட்டது.

அங்கு உயிர்ச்சேதம் நேரவில்லை. மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரம் அவ்வளவு பாக்கியம் செய்திருக்கவில்லை. 1992 ஏப்ரல் 22ஆம் திகதி அந்நகரின் கழிவுநீர்க் கால்வாய்கள் கிலோமீற்றர் கணக்கில் வெடித்து வீதிகள் பிளந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலத்தடியில் பெற்றோல் கொண்டுசென்ற உருக்குக் குழாயுடன் நீர்க்குழாயொன்று மிக நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தது. இரு உலோகங்களும் ஈர மண்ணில் சேர்ந்து கிடந்தமையால் பெற்றோல் குழாய் அரிக்கப்பட்டுத் துளை விழுந்தது என்பதே கூறப்பட்ட காரணம். கசிந்த பெற்றோல் கால்வாய்களில் நிறைந்தது. பெற்றோல் மணக்கிறது என்று மக்கள் நாட்கணக்காக முறையிட்டனர். அதிகாரிகள் வந்து பார்த்தும் சென்றனர். ஆனால் மக்களை வெளியேற்றவில்லை.

கறள் எதனையும் மறைப்பதில்லை. ஆணி கரைந்ததை அலாம் காட்டியது; பட்டை நைந்ததைச் சிலையின் உட்புறம் காட்டியது; குழாய் துளைபட்டதைக் குவாதலஹாராவின் காற்றே காட்டியது. தெரிந்திருந்தவர்கள் எல்லா இடத்திலும் இருந்தனர். தெரிந்ததை எழுதியும் வைத்தனர். ஆனால் மேலே மூடிவிட்டால் உள்ளே பார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பும், ஒருமுறை செய்த பரிகாரம் என்றைக்கும் போதும் என்ற நினைப்பும் அறிக்கைகளை வென்றுவிட்டன. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்த எனக்கு இது புதிதல்ல. இந்நாட்டில் விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள் எத்தனையோ வெளிவந்ததை நான் செய்தியாக்கியிருக்கிறேன். அவற்றின் பரிந்துரைகள் பின்னர் என்னவாயின என்று திரும்பிச் சென்று பார்த்து எழுதிய செய்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்குறை அதிகாரிகளுடையது மட்டுமன்று, என்னுடையதும்தான்.

திருகோணமலை முதியவருடனான உரையாடல் எழுதப்பட்ட அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் உண்டு. அன்று அவரிடம் நான் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தேன். இந்தக் கட்டி எவ்வளவு காலம் நிற்கும் என்பதே அது. அவர் சொன்ன பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

“அதை நான் சொல்லேலாது தம்பி. வருசத்துக்கு ஒருக்கா ஆரும் இறங்கிப் பார்க்கத்தான் வேணும்.”